இரண்டாவது ஒப்புதல்

முதலாம் ஆண்டு, மார்ச் 4. தருவதாகச் சொன்ன நன்கொடை: 41,000
முதலாம் ஆண்டு, ஏப்ரல் 30. வந்து சேர்ந்த நன்கொடை: 17,000
முதலாம் ஆண்டு, ஜூலை 9. சின்னம் வரைந்ததற்கு: 9,500
முதலாம் ஆண்டு, நவம்பர் 2. சின்னத்தின் நிறத்தை மாற்றியதற்கு: 2,000
இரண்டாம் ஆண்டு, மார்ச் 4. சர்வர் வாடகை: 4,800
இரண்டாம் ஆண்டு, செப்டம்பர் 12. நன்கொடை, பெயர் சொல்ல விரும்பாதவர்: 500
மூன்றாம் ஆண்டு, மார்ச் 4. சர்வர் வாடகை (டெக்னீஷியன் சொந்தக் கையிலிருந்து): 4,800
மூன்றாம் ஆண்டு, அக்டோபர் 25. கார் ஓட்டும் பயிற்சி, ஒரு மணி நேரம்: 600

கணக்கு அவ்வளவுதான். கையிருப்பு 600. ஆண்டு என்று எழுதியிருப்பது கூட்டமைப்பு தொடங்கிய மார்ச் 4-லிருந்து எண்ணியது. ஒரு மென்பொருளை மூன்று வருடம் நடத்திய கணக்கில் கார் ஓட்டும் பயிற்சி எப்படி வந்தது என்று தணிக்கைக்காரர் யாராவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கூட்டமைப்புக்குத் தணிக்கைக்காரர் கிடையாது. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்ல டெக்னீஷியனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் வேலை பார்ப்பது ஓர் அறக்கட்டளை நடத்தும் டயாலிசிஸ் மையத்தில். அண்மையில் ஓய்வு பெறும்வரை நானும் அங்கே பதிவேட்டுப் பிரிவில் இருந்தேன். கீழ்த்தளத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் அறை. மேல்தளத்தில் ஒன்பது நாற்காலி, ஒன்பது இயந்திரம். காலையில் வந்ததும் தண்ணீரில் குளோரின் தங்கியிருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் அவர் யாருக்கும் வணக்கம் சொல்வார். தங்கியிருந்தால் அன்றைக்கு வணக்கம் கிடையாது. குள்ளமான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் எட்டிப் பார்க்கும். நிரல் எழுதுவதை யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. இயந்திரத்தில் எங்கோ கசிகிறது என்றால் கழற்றிப் பார்க்கிற மாதிரி, மென்பொருளையும் கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

மையத்தில் ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட். மூன்றாவது ஷிஃப்ட் சாயங்காலம், வேலை முடித்து வருகிறவர்களுக்கானது. வேலையை விட்டால் சாப்பாடு இல்லை, டயாலிசிஸை விட்டால் ஆளே இல்லை என்று இருப்பவர்கள் பதினெட்டு பேர், ஒருநாள் விட்டு ஒருநாளாக, அதில் வருவார்கள். அவர்களில் மூத்தவர் சலவைக்கடைக்காரர். நாற்காலியில் சாய்ந்ததும் வருகிற போகிறவர்களின் சட்டைக் காலரைப் பார்த்துக் கருத்துச் சொல்வது அவருக்குப் பொழுதுபோக்கு. டைரக்டர் டாக்டரின் காலர்கூட அதில் தப்பியதில்லை.

யார் எந்த நாள், எந்த நாற்காலி, எந்த இயந்திரம் என்று ஒதுக்குவதற்கு ஒரு மென்பொருள் இருந்தது. மஞ்சள் காமாலைக் கிருமி இரத்தத்தில் உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம் ஒதுக்க வேண்டும். அதில் கை தவறினால் ஒருவரின் நோய் இன்னொருவருக்குப் போய்விடும். ஆகவே அது வெறும் வருகைப் பட்டியல் இல்லை. அதை எழுதிய கம்பெனி எட்டு வருடம் இலவசமாகவே கொடுத்து வந்தது. பிறகு கம்பெனி கை மாறியது. புது முதலாளிகள் ஒரு நாற்காலிக்கு ஒரு மாதத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தார்கள். டைரக்டர் டாக்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மூன்றாவது ஷிஃப்டுக்கு அறக்கட்டளை கொடுக்கும் மானியமும் அந்தக் கட்டணமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்று இல்லை என்று அவர் சொன்னார். அதில் ஒளிவு மறைவு ஏதும் இல்லை.

இது போல மூல நிரல் திறந்து கிடக்கும் மென்பொருளில் ஒரு வசதி உண்டு. பிடிக்கவில்லை என்றால் அதுவரை உள்ளதைப் பிரதி எடுத்துக்கொண்டு தனியே நடத்தலாம். சட்டப்படி சரி. இதைக் கிளை பிரிப்பது என்பார்கள். டெக்னீஷியன் வீட்டில் அதற்குப் பெயர் தனிக்குடித்தனம். பழைய கம்பெனிக்குத் தாய்வீடு. இந்தப் பெயர்களை வைத்தவர் அவர் மனைவி. இரண்டிலும் அனுபவம் உள்ளவர்.

இதே போன்ற சின்ன மையங்கள் இன்னும் எட்டு சேர்ந்தன. நாற்பத்தொரு பேர் இணையத்தில் கூட்டமைப்பாகக் கூடினார்கள். எல்லோரும் பேசினார்கள். தாய்வீட்டின் துரோகத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில், பிரதி எடுத்துக் கிளையைத் தொடங்கும் வேலையை டெக்னீஷியனிடம் கொடுத்தார்கள். எதையும் எழுதி வைக்கிறவன் என்று என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். விதிமுறைகளை ஒரு கல்லூரி விரிவுரையாளர் எழுதினார். அழகாக எழுதினார். ஏழு பேர் கொண்ட குழு, ஐந்து பேர் இருந்தால்தான் முடிவு. எந்தத் திருத்தமானாலும் எழுதியவர் ஒப்புதல் போதாது, குழு நியமித்த இன்னொருவரின் இரண்டாவது ஒப்புதல் வேண்டும். இந்த விதியை மாற்றவும் இதே விதி. உயிர் சம்பந்தப்பட்ட மென்பொருள், ஒருவர் கண்ணை மட்டும் நம்பக் கூடாது என்று அதை அதிகம் வற்புறுத்தியவர் டெக்னீஷியனேதான்.

பிறகு பெயர், சின்னம், சின்னத்தின் நிறம் ஆகியவற்றில் கூட்டமைப்பு எட்டு மாதம் முழு மூச்சாக இறங்கியது. பச்சையா நீலமா என்ற விவாதத்தில் முப்பத்தாறு பேர் பங்கெடுத்தார்கள். அந்த எட்டு மாதமும் டெக்னீஷியன் ஞாயிற்றுக்கிழமைகளில்கூடச் சின்னமே இல்லாத மென்பொருளில் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தார். எழுதியது அவர், ஒப்புதல் தந்தது விரிவுரையாளர். இருவரும் சேர்ந்துதான் கூட்டமைப்பு என்பது வெளியே யாருக்கும் தெரியாது. உள்ளேயும் பல பேருக்குத் தெரியாது.

இரண்டாம் ஆண்டில் விரிவுரையாளருக்கு நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்தது. எங்கே என்று அவர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். தாய்வீட்டில். மனதளவில் என்றும் உங்களோடுதான் இருப்பேன் என்று உருக்கமாக ஒரு விடைபெறும் கடிதம் போட்டார். மனதளவில் இருப்பவர் ஒப்புதல் தர விதியில் இடமில்லை.

டெக்னீஷியன் குழுவில் கேட்டார். இரண்டாவது ஒப்புதலுக்கு ஒருவர் வேண்டும், வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும் என்றார். உடனே இருபத்தேழு கட்டைவிரல்கள் உயர்ந்தன. கட்டைவிரலுக்குப் பின்னால் ஆள் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் சாப்பிட வந்திருந்தார். மச்சான் என்றால் டெக்னீஷியனின் மனைவிக்கு அண்ணன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருப்பவர். விரிவுரையாளர் கிளம்புவதற்கு முன் செய்த கடைசிக் காரியம் அவர் பெயரைக் குழுவில் முன்மொழிந்ததுதான். வாகனப் பாதுகாப்பில் இருபது வருட அனுபவம் உள்ளவர் என்று டெக்னீஷியன் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை. ஐந்து பேர் கைதூக்கினார்கள். ஐந்து பேர் ஒன்றாக எழுந்து வந்தது அதுவே கடைசி.

டெக்னீஷியன் மச்சானின் போனை வாங்கிக் கணக்குத் தொடங்கிக் கொடுத்துப் பச்சைப் பொத்தானைக் காட்டினார்.

"இதை அமுக்கினா போதும் மச்சான்."

"படிக்க வேண்டாமா?"

"படிச்சாலும் புரியாது."

மச்சானின் முகம் மாறிவிட்டது. "மாப்ள, என் வண்டியில எனக்கு ஸ்டியரிங் கிடையாது, தெரியுமா? பக்கத்து சீட்ல எனக்குன்னு ஒரே ஒரு பிரேக்தான் இருக்கு. ஓட்டுறவன் என்ன பண்றான்னு தெரியாம நான் ஒரு நாளும் சும்மா உட்கார்ந்ததில்ல" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு திருத்தத்தையும் அவருக்குப் புரிகிற மாதிரி எழுதிக்காட்ட வேண்டியதாயிற்று. எதற்கு இது, இது இல்லாவிட்டால் என்ன ஆகும், யாருக்கு அடிபடும் என்று மூன்று கேள்விகள் கேட்பார். பதில் வந்த பிறகு, இரண்டு மாணவர்களுக்கு நடுவில் கிடைக்கிற இடைவெளியில், பச்சைப் பொத்தானை அமுக்குவார். இதில் ஒரு வேடிக்கை நடந்தது. அந்தக் கேள்வி பதில்கள் எல்லோரும் படிக்கும்படி திறந்து கிடந்ததால் கிளையின் பெயர் ஓங்கியது. இவ்வளவு கறாரான பரிசீலனையை வேறு எங்கும் கண்டதில்லை என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். மற்ற மையத்துக்காரர்கள் டெக்னீஷியனைத் தம்பி என்றும் மச்சானை ஐயா என்றும் குறிப்பிட்டார்கள். டெக்னீஷியனுக்கு அதில் வருத்தம் இல்லை என்று அவர் என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

அந்த வருடம் செப்டம்பரில் ஒரு நாள் என் மேஜையில் ஒரு 500 இருந்தது. சர்வருக்கு என்று ஒரு துண்டுச் சீட்டு, பெயர் இல்லை. நோட்டு இஸ்திரி போட்டது போல மடிப்பே இல்லாமல் இருந்தது. யார் என்று நான் விசாரிக்கவில்லை.

மூன்றாம் ஆண்டு செப்டம்பரில் டெக்னீஷியனின் மனைவி கார் ஓட்டும் தேர்வில் தோற்றார். அண்ணனிடம் இலவசமாகக் கற்றுக்கொண்டவர். வீடு நிறையச் சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டெக்னீஷியன், கற்றுக்கொடுத்தவர் சரியில்லை என்றால் கற்றுக்கொண்டவர் என்ன செய்வார் என்று மனைவிக்குப் பரிந்து பேசிவிட்டார். மனைவிக்கு அது பிடிக்கவில்லை. மச்சானுக்கு அதைவிடப் பிடிக்கவில்லை. கை கழுவாமல் எழுந்து போனார். அன்று மாலையிலிருந்து பச்சைப் பொத்தான் ஓய்வெடுத்தது.

முதல் இரண்டு வாரம் அவசரமான திருத்தம் எதுவும் இல்லை. பிறகு ஒரு சாயங்காலம் சலவைக்கடைக்காரருக்கு வேலை வந்துவிட்டது, முந்தின ஷிஃப்டில் வரும் ஒருவரோடு முறையை மாற்றிக்கொண்டார். மென்பொருள் பெயர்களை மாற்றியது. தனி இயந்திரம் என்ற குறியை மாற்றவில்லை. குறி ஆளோடு போகாமல் நேரத்தோடு தங்கிவிட்டது. கிருமி உள்ளவருக்கான இயந்திரத்தின் நாற்காலியில் சலவைக்கடைக்காரர் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டார். தலைமை நர்ஸ் ஊசியோடு வந்தவர் ஆளைப் பார்த்தார், இயந்திரத்தைப் பார்த்தார், ஊசியைத் தட்டில் வைத்தார்.

"எழுந்திருங்க" என்றார்.

"ஏன் சிஸ்டர், காலர் அழுக்கா?"

"எழுந்திருங்கண்ணே."

அவர் குரலைக் கேட்டு சலவைக்கடைக்காரர் மறுபேச்சில்லாமல் எழுந்தார். அதன் பிறகு அன்று முழுவதும் யார் காலரைப் பற்றியும் பேசவில்லை.

அடுத்த நாளே டெக்னீஷியன் தவறைக் கண்டுபிடித்துத் திருத்தத்தை எழுதி முடித்தார். ஒன்பது மையங்களுக்கும் எச்சரிக்கை அனுப்பினார். ஐந்து பேர் படித்ததாகக் காட்டியது. நான்கு மையங்களில் தவறு யாருக்கும் தெரியாமலே ஓடிக்கொண்டிருந்தது. திருத்தம் முறையாக வெளியானால்தான் எல்லா இடத்திலும் தானாகப் போய்ச் சேரும். வெளியாக இரண்டாவது ஒப்புதல் வேண்டும். குழுவைக் கூட்டி வேறு ஒருவரை நியமிக்கலாம் என்று பார்த்தால் ஏழு பேரில் மூன்று பேர்தான் பதில் எழுதினார்கள். அதில் ஒருவர் தான் எப்போதோ விலகிவிட்டதாக எழுதியிருந்தார்.

டைரக்டர் டாக்டர் டெக்னீஷியனையும் என்னையும் கூப்பிட்டார். அக்டோபர் 31-க்குள் முறைப்படி வெளியான பதிப்பு வராவிட்டால் தாய்வீட்டுக்குத் திரும்பிவிடுவோம், மூன்றாவது ஷிஃப்ட் நவம்பரோடு நிற்கும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நம் மையத்தில் மட்டும் திருத்தத்தைப் போட்டுக்கொண்டால் என்ன என்றும் அவரே கேட்டார். தனிக்குடித்தனத்திலிருந்து இன்னொரு தனிக்குடித்தனமா, மற்ற எட்டு மையத்தில் உட்கார்கிறவர்கள் யார் என்று டெக்னீஷியன் திருப்பிக் கேட்டார். டைரக்டர் டாக்டர் நாள்காட்டியை மட்டும் காட்டினார்.

அன்று நான் டெக்னீஷியன் வீட்டுக்குக் கூடவே போயிருந்தேன். மனைவி நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணனோட பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். நான்தானே வச்சேன்."

"அப்புறம் என்ன? உள்ள போய் அமுக்கிட்டு வாங்க. பதினெட்டு பேரு உசுரு."

"பதினெட்டு பேருக்காகத்தான் அந்த விதியே வச்சேன்."

"இதை அன்னைக்குச் சாப்பாட்டுல வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு மனைவி எழுந்து போய்விட்டார். அவர் சொன்னதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

போனில் கூப்பிட்டால் மச்சான் எடுக்கவில்லை. பள்ளிக்கு நேரில் போனால் வண்டியில் இருக்கிறார் என்றார்கள். எப்போது போனாலும் வண்டியில் இருந்தார். கடைசியில் டெக்னீஷியன் ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டியில் இருப்பவரை வண்டியில்தான் பிடிக்க முடியும். டெக்னீஷியனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. முன்பணம் கட்டி, அக்டோபர் 25 காலை ஒன்பது மணிக்கு ஒரு மணி நேரப் பயிற்சிக்குப் பதிவு செய்தார். கூட்டமைப்பு வேலையாகப் போவதால் ரசீது கொண்டுவரச் சொல்லி நான்தான் வற்புறுத்தினேன். சாட்சிக்கு என்று என்னைப் பின் சீட்டில் உட்கார வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

மச்சான் கிளட்ச், கியர், கண்ணாடி என்று மற்ற மாணவர்களுக்குச் சொல்வதைத்தான் சொன்னார். வண்டி மூன்று முறை நின்றது. நான்காவது முறை கிளம்பி ஒரு பேருந்தை நோக்கி நேராகப் போனது. மச்சான் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். நாங்கள் மூவரும் முன்னால் சாய்ந்து பின்னால் வந்தோம். பேருந்துக்காரர் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

டெக்னீஷியனுக்கு வேர்த்துக் கொட்டியது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "அன்னைக்கு நான் சொன்னது தப்பு மச்சான்" என்றார்.

"எங்க சொன்ன?"

"வீட்டுல."

"எத்தனை பேர் முன்னாடி?"

"ஒரு பதினஞ்சு பேர் இருப்பாங்க."

"அப்ப வண்டிக்குள்ள சொன்னா எப்படி சரியாகும்? அந்தத் திருத்தத்துக்குக் கீழே எழுது. எல்லாரும் பாக்கட்டும். எழுதினதும் அமுக்குறேன்."

"அது மென்பொருளுக்கான இடம் மச்சான். எழுதினா அழிக்கவே முடியாது."

"தெரியும். நீதான் சொல்லிக்கொடுத்த."

வண்டியை ஓரமாக நிறுத்தினார்கள். நிறுத்தியது மச்சான். டெக்னீஷியன் போனை எடுத்து எழுதினார்: பக்கத்து இருக்கையில் இருப்பவரின் பிரேக்கைக் குறைத்துப் பேசியது என் தவறு. தேர்வில் தோற்றதற்குக் கற்றுக்கொடுத்தவர் காரணம் இல்லை. மச்சான் அதை இரண்டு முறை படித்தார். பிறகு அந்தத் திருத்தத்துக்கு உரிய மூன்று கேள்விகளையும் வழக்கம் போலக் கேட்டார். யாருக்கு அடிபடும் என்ற கேள்விக்கு டெக்னீஷியன் சலவைக்கடைக்காரர் நாற்காலியில் கையை நீட்டியதைச் சொன்னார். மச்சான் தன் போனை வெளியே எடுத்தார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றார்.

"எழுதியிருந்தேனே. நீங்க படிக்கல."

பச்சைப் பொத்தானை அமுக்கினார். பயிற்சியின் மீதி நேரத்தைக் குறைத்துக்கொள்ளாமல் முழுவதும் ஓட்ட வைத்தார். கட்டணத்தையும் குறைக்கவில்லை.

திருத்தம் அன்று மதியமே ஒன்பது மையங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது ஷிஃப்ட் தப்பியது. டெக்னீஷியன் எழுதிய மன்னிப்பு தனி வாழ்க்கை ஒன்றைத் தொடங்கியது. பக்கத்து இருக்கை பிரேக் என்பது மென்பொருள் நிர்வாகத்தில் ஒரு ஆழ்ந்த தத்துவம் என்று எடுத்துக்கொண்டு பலர் விவாதித்தார்கள். தாய்வீட்டு விரிவுரையாளர் ஒரு மாநாட்டில் அதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினாராம்.

ஆனால் டெக்னீஷியன் களைத்துவிட்டார். அந்த நவம்பரில் தண்ணீர் அறையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்: இது ஒரு குடும்பச் சண்டையில் நிற்கிற விஷயமாக இருக்கக் கூடாது, பதினெட்டு பேர் மச்சானின் மனநிலையை நம்பி நாற்காலியில் உட்காரக் கூடாது. தாய்வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதுவோம் என்றார். மூன்றாவது ஷிஃப்ட் நாற்காலிகளுக்குக் கட்டணம் வேண்டாம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டால், கிளையை மூடிவிட்டு மூன்று வருடத் திருத்தங்களையும் அவர்களிடம் ஒப்படைத்துவிடலாம். மற்ற எட்டு மையங்களுக்கும் அதே சலுகை. கடிதத்தை நான் எழுதினேன், அவர் கையெழுத்திட்டார், மச்சான் மூன்று கேள்வி கேட்டுவிட்டு இரண்டாவது கையெழுத்திட்டார். முதல் பதிலில் பரிசீலிக்கிறோம் என்றார்கள். இரண்டாவதிலும் அதையேதான் சொன்னார்கள். டெக்னீஷியன் வீட்டில், வசந்த காலத்துக்குள் ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பக் கிடைத்துவிடும் என்று மனைவியிடம் சொல்லி வைத்தார். மனைவி இரண்டாம் முறை தேர்வுக்குப் போய் வென்றிருந்தார். ஞாயிறுகளில் எங்கெல்லாம் போகலாம் என்று அவர் பட்டியல் போட்டிருந்தார்.

மூன்றாவது கடிதம் தடிமனான தாளில் வந்தது. சின்ன மையங்களுக்கான மென்பொருளைத் தாய்வீடு அடியோடு நிறுத்திவிட்டது. அதில் லாபம் இல்லையாம். தங்களிடம் கட்டணம் கட்டிவந்த முந்நூற்றுப் பத்து மையங்களையும் எங்கள் கிளைக்கு மாறச் சொல்லிப் பரிந்துரைத்துவிட்டதாகவும், சுதந்திரமான இரண்டாவது ஒப்புதல் இல்லாமல் ஒரு வரிகூட மாறாத, துடிப்பான பெரிய குழு நடத்தும் கிளை என்பதால் முழு நம்பிக்கையோடு இதைச் செய்வதாகவும் எழுதியிருந்தார்கள். கீழே விரிவுரையாளரின் கையெழுத்து. இத்துடன் இது தொடர்பான கடிதப் போக்குவரத்து முடிவடைகிறது என்று கடைசி வரி.

மூன்றாவது ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. டெக்னீஷியன் கடிதத்தை நின்றபடியே படித்து, நான்காக மடித்து, ஸ்பேனர் இருந்த பைக்குள் வைத்தார். திரும்பிப் போக இனித் தாய்வீடு என்று ஒன்று கிடையாது. விட்டுவிட்டுப் போக ஆளும் கிடையாது. சலவைக்கடைக்காரர் நாற்காலியில் இருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, நல்ல சேதியா?"

"உங்களுக்கு நல்ல சேதிதாண்ணே" என்றார் டெக்னீஷியன். பிறகு போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னார்.

கடிதம் வந்து சேர்ந்த தேதி: மூன்றாம் ஆண்டு, பிப்ரவரி 12, வியாழக்கிழமை.